காமாலை தோன்றாக் கல்லீரல் நோய்: இளையோரிடம் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றின் பின்விளைவுகள்

முன்னுரை

கல்லீரல் நோய் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மஞ்சள் காமாலையே. கீழாநெல்லி அரைத்துப் பருகிப் பத்தியம் காத்து, கண் தெளிந்ததும் நோய் தீர்ந்ததாகக் கொள்ளும் வழக்கம் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களிலும் உண்டு. ஆனால் காமாலை அறிகுறியே, நோயன்று. இவ்வேறுபாடு ஹெபடைட்டிஸ் பி தொற்றுற்ற இளையோருக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வயதும் தொற்றின் போக்கும்

வளர்ந்தோரில் 95 விழுக்காட்டினருக்கு மேல் சில மாதங்களில் இவ்வைரசிலிருந்து மீள்கின்றனர். பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைகளிலோ ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது நிலைத்துவிடுகிறது. தொற்றுற்ற கல்லீரல் செல்களை உடலின் எதிர்ப்பாற்றல் தாக்குவதாலேயே காமாலை தோன்றுகிறது. பச்சிளங்குழந்தையின் எதிர்ப்பாற்றல் அவ்வாறு தாக்குவதில்லை. எனவே கண்ணும் மஞ்சளாவதில்லை, வைரசும் நீங்குவதில்லை.

பின்விளைவுகள்

குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரக வடிகட்டிகள் பழுதுற்று, சிறுநீரில் புரதம் வெளியேறி உடல் வீங்கும். பெரும்பாலோர் நலமாகவே தோன்றுவர். பின்னாளில் எதிர்ப்பாற்றல் வைரசைத் தாக்கத் தொடங்கும்போது கல்லீரலில் அழற்சியும் தழும்பும் மாறிமாறி ஏற்பட்டுச் சுருக்க நோயாக முற்றும். சுருக்கம் ஏற்படாமலே புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் வயதில் இவை வெளிப்படுவதே பெருந்துயர்.

கீழாநெல்லி ஆய்வு

சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர் 1988இல் 'லான்செட்' இதழில், கீழாநெல்லி உட்கொண்டோரில் 59 விழுக்காட்டினரிடம் வைரசின் மேற்புறப் புரதம் மறைந்ததாக அறிவித்தனர். பிற்கால ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. திடீர்த் தொற்று பெரும்பாலும் தானே தணிவதால், அதன் பெருமை மருந்தைச் சேர்கிறது. நாட்பட்ட தொற்றுக்கு இவ்வனுபவம் சான்றாகாது.

தடுப்பும் கண்டறிதலும்

பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசியும், 6, 10, 14ஆம் வாரங்களில் ஏனைய தவணைகளும் இடப்பெற வேண்டும். தைவான் 1984இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்திற்குப் பின், அங்குச் சிறார் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்தியாவில் இத்தடுப்பூசி நாடு முழுவதும் விரிவடைந்தது 2011இல்தான். அதற்கு முன் பிறந்தோர் பலர் இன்று கல்லூரி மாணவர், இளம் பெற்றோர். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் பரிசோதனையையும் மருந்தையும் கட்டணமின்றி வழங்குகிறது.

முடிவுரை

கண்ணின் நிறத்தைக் கொண்டு இந்நோயை அறிய இயலாது. குருதிப் பரிசோதனையே அறிவிக்கும். கருவுற்ற பெண்ணுக்கும், தொற்றுற்றவரின் உடன்பிறந்தோர்க்கும் பிள்ளைகளுக்கும் அப்பரிசோதனை உரிய காலத்தில் செய்யப்படுமாயின், அடுத்த தலைமுறைக்கு இத்தொற்று செல்வதைத் தடுக்கலாம்.