மேயர் ஆசனத்திலிருந்து சபாநாயகர் ஆசனத்திற்கு

தென்காசியிலிருந்து செங்கோட்டை ஐந்தாறு மைல் தொலைவுதான். இன்று ஒரே மாவட்டத்தில் அடங்கிய இவ்விரு ஊர்களுக்கும் இடையே 1956 வரை ஓர் அரசின் எல்லை குறுக்கிட்டு நின்றது. செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில். தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில். 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அவருடைய அரசின் மேற்பார்வையிலிருந்த கோயில்கள் அனைத்தும் இந்துக்களில் எல்லா வகுப்பினருக்கும் திறக்கப்பட்டன. எல்லைக்கு இப்பால் அவ்வாணை செல்லாது. குற்றாலத்தில் அருவி எல்லோர் தலையிலும் ஒன்றாகவே விழுந்து கொண்டிருந்த அந்த ஆண்டில், கோயில் வாசலைக் கடக்கும் உரிமை மட்டும் அவரவர் எந்த எல்லைக்குள் பிறந்தார் என்பதைப் பொறுத்திருந்தது.

அடுத்த ஆண்டே, அதாவது 1937-இல், மாகாணத்தின் தலைநகரம் தன் மேயராக ஜெ. சிவசண்முகம் பிள்ளை அவர்களைத் தேர்ந்தெடுத்தது. பெயரின் இறுதியிலுள்ள சொல்லைக் கொண்டு அன்பர்கள் சிலர் அவரை வேறு வகுப்பினர் என எண்ணக்கூடும். அவர் ஆதி திராவிட வகுப்பைச் சேர்ந்தவர். 1901-இல் பிறந்து, முப்பத்தாறாம் வயதில் அப்பதவியை அடைந்தார். 1688-இல் தோன்றிய சென்னை நகராண்மைக்கு அவ்வகுப்பிலிருந்து வந்த முதல் மேயர் அவரே. கோயிலுக்குள் செல்ல முடியாத ஒருவர் நகரத்தின் முதற்குடிமகனாக மாலை ஏற்றுக் கொண்டார் என்பதை அக்காலத்தார் எவ்வாறு நோக்கியிருப்பர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மேயர் பதவி அந்நாளில் ஓராண்டுப் பதவி. நிர்வாக அதிகாரம் பெரும்பாலும் கமிஷனரிடம். மேயருக்கு உரியது கூட்டத்தை நடத்தும் பொறுப்பு. இதனை அலங்காரப் பதவி என்று இகழ்வோர் உண்டு. நம் கருத்து அதுவன்று. யார் பேசலாம், எப்பொழுது பேசலாம், எந்தப் பொருள் எடுத்துக்கொள்ளப்படும் என்பவற்றை முடிவு செய்கிறவர் கையில் அதிகாரம் இல்லை என்று எவர் சொல்வார்? திரு. சிவசண்முகம் பிள்ளை அவர்களின் பிற்கால வாழ்வு முழுவதும் இந்த ஒரு பணியிலேயே, கூட்டத்தை நடத்துவதிலேயே, பெரும்பாலும் கழிந்தது.

1946-இல் அவர் சென்னைச் சட்டமன்றத்தின் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 1955 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளில் பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா, இராஜாஜி, காமராஜர் என ஐவர் அரசின் தலைமையில் மாறி மாறி அமர்ந்தனர். சபாநாயகர் ஆசனத்தில் மட்டும் ஒருவரே இருந்தார். நாடு விடுதலை அடைந்ததும், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் நடந்ததும், ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்ததும் இக்காலத்திலேதான்.

அவர் சபாநாயகராக இருந்த காலத்தில்தான் 1947-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டமாக ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. பதினோராண்டுகளுக்கு முன் செங்கோட்டையார் பெற்ற உரிமை, மாகாணம் முழுவதற்கும் சட்டத்தால் உறுதியாயிற்று. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் அதே ஆண்டினது. அடுத்த ஆண்டு, 1948-இல், ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஊற்றுமலை, சிவகிரி முதலிய ஜமீன்களை அறிந்த நம் பகுதி விவசாய அங்கத்தினர்களுக்கு அச்சட்டத்தின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. ஜமீன்தாருக்கு வாரம் அளந்த குடிகள் சர்க்காருக்கு நேரே தீர்வை செலுத்தும் ரயத்துகளானார்கள். இன்று கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பட்டாவைக் காட்டிப் பயிர்க்கடன் கேட்கும் பலருடைய நிலத்தின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

உண்மையான சோதனை 1952-இல் வந்தது. 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. கம்யூனிஸ்டுகள் 62 பேர் எதிரே அமர்ந்தனர். எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத அவையில், சபாநாயகர் பதவிக்கே போட்டி எழுந்தது. திரு. சிவசண்முகம் பிள்ளை அவர்களே மீண்டும் வென்றார். அவ்வாண்டு ஜூலை 3-ஆம் நாள் இராஜாஜி அமைச்சரவை நம்பிக்கை வாக்குக் கோரியது. ஆதரவு 200, எதிர்ப்பு 151. கைத்தறி நெசவாளர் நூலுக்கும் விற்பனைக்கும் அல்லலுற்ற நாட்கள் அவை. வேட்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று இராஜாஜி மத்திய அரசை வற்புறுத்தினார். 1953-இல் மில் துணிக்குக் கெஜத்திற்கு மூன்று பை வீதம் மத்திய அரசு தீர்வை விதித்து, அத்தொகையைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிட்டதை மூத்த நெசவாளர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம்.

1953 ஜூலையில் தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பற்றிய விவாதம் நடந்தது. பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயிலவேண்டும் என்பது அத்திட்டம். நெசவாளன் மகன் தறிக்குழிக்கே திரும்ப வேண்டுமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தில் அவை சரிபாதியாகப் பிரிந்தது, தீர்மானம் தோற்றது. திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழு ஆராய வேண்டும் என்ற மற்றொரு தீர்மானம் மிகச் சில வாக்குகள் மிகுதியில் வென்றது. 1954-இல் காமராஜர் அரசு திட்டத்தையே கைவிட்டது.

அரசியலமைப்பின் 189-ஆவது பிரிவின்படி, சபாநாயகர் முதலில் வாக்களிக்கலாகாது. இருபுறமும் சமமாக நின்றால் மட்டுமே அவர் வாக்கு எண்ணப்படும். நம் சங்கங்களின் துணைவிதிகளிலும் இதை ஒத்த ஏற்பாடு உண்டு. வாக்குகள் சமமானால் தலைமை வகிப்பவரின் வாக்கு முடிவு செய்கிறது. ஆனால் சங்கத் தலைவர், குழுவின் ஓர் அங்கத்தினர் என்ற முறையில் மற்றவர்களோடு முதலிலும் வாக்களிக்கிறார். இதனாலேயே சபாநாயகரைவிடச் சங்கத் தலைவருக்கு நடுநிலை கடினமாகிறது. தம் கருத்தை முதலிலேயே உரத்துச் சொல்லிவிட்டு, 'வேறு யாருக்கேனும் ஆட்சேபணை உண்டா?' என்று கேட்கும் தலைவர்களை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். ஆட்சேபணை எப்படி எழும்?

இதனினும் வருந்தத்தக்க ஒன்றும் உண்டு. நம் சரகத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் தீர்மானப் புத்தகத்தைப் பார்வையிட்டோம். ஒவ்வொரு பக்கத்திலும் 'தலைவர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது' என்று எழுதியிருந்தது. தலைவர் ஆதி திராவிடப் பெண்மணி, நெசவு நன்கறிந்தவர். கூட்ட நாளில் சென்று பார்த்தபொழுது அவர் சுவரோரப் பெஞ்சில் அமர்ந்திருந்தார். மேசையின் முன் நாற்காலியில் இருந்தவர் துணைத்தலைவர். 'அம்மா கையெழுத்துப் போட்டு விடுவார்கள், ஐயா' என்று செயலாளர் நமக்கு ஆறுதல் கூறினார்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது வெறும் இருக்கை விஷயம். பாவு வழங்கும் பதிவேட்டைப் புரட்டியபின் அப்படித் தோன்றவில்லை. மந்தமான மாதங்களில் பாவு எல்லாத் தறிக்கும் போதாது. யாருக்கு முதலில் என்பதே அடுப்பு எரியுமா என்பதை முடிவு செய்கிறது. ஒரு தெருவின் தறிகளுக்குப் பாவு முறை தவறாமல் வந்திருந்தது. மற்றொரு தெருவின் தறிகள் மாதக்கணக்கில் வெறுமனே நின்றிருந்தன. இதைக் கூட்டத்தில் எடுத்துப் பேச அத்தெருவார் முயன்றதும், பொருள் நிரலில் இல்லை என்று தள்ளப்பட்டதும் பின்னரே தெரிந்தது. நாம் துணைவிதியை வாசித்துக் காட்டினோம். அடுத்த கூட்டத்தில் அவ்வம்மையார் நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்ததும் அவர் செய்த முதற்காரியம், பாவுப் பதிவேட்டை முழுவதும் உரக்க வாசிக்கச் சொன்னதுதான். வாசிக்க அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. இடையில் இருவர் எழுந்து வெளியேறினர். வாசிப்பு நிற்கவில்லை.

இட ஒதுக்கீடு ஒருவரை ஆசனம் வரை கொண்டு சேர்க்கும். அதில் அமர விடுவது உடன் இருக்கும் அங்கத்தினர்களின் கையில் இருக்கிறது. 1952-இல் சபாநாயகர் தேர்தலில் எதிர்த்து வாக்களித்தோரும் சபாநாயகர் எழுந்தால் தாம் அமர்ந்தே தீர வேண்டும். அவை விதி அப்படி. அவர் எந்த வகுப்பினர் என்பது அந்த விதிக்குத் தெரியாது.

1955-இல் ஆசனத்தை விட்டிறங்கிய திரு. சிவசண்முகம் பிள்ளை, மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் உறுப்பினரானார். பின்னர் மாநிலங்களவையிலும் அமர்ந்தார். 1975-இல் காலமானார். மேயராயிருந்து சபாநாயகரான மற்றொருவர் டாக்டர் உ. கிருஷ்ணராவ், அவர் 1957 முதல் 1961-இல் மறையும் வரை அப்பதவியில் இருந்தார். அவருக்குப் பின் நம் திருநெல்வேலிச் சீமையின் செல்லப்பாண்டியன் 1962-இல் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். ஆதித்தனார், பி. எச். பாண்டியன், ஆவுடையப்பன், அப்பாவு என நம் பக்கத்தார் பலர் பிற்காலத்தில் அதில் அமர்ந்திருக்கிறார்கள். சென்னை மேயர் பதவியில் ஆதி திராவிடப் பெண் ஒருவர், ஆர். பிரியா, முதன்முதலாக அமர்ந்தது 2022-இல், திரு. சிவசண்முகம் பிள்ளைக்குப் பின் எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.