'ஸ்ட்ரைக்' பிறந்த கதை

"இன்றைக்கு ஸ்ட்ரைக்!" என்று சொன்னால், ராயபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். வேலைக்கு ஆள் போகமாட்டார்கள், எந்திரம் ஓடாது. அகராதியைப் புரட்டினால், 'ஸ்ட்ரைக்' என்பதற்கு 'அடி' என்று போட்டிருக்கிறது! வேலையை நிறுத்துவதற்கும் அடிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சொல், பல பொருள்

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'தடவுதல்', 'உரசிச் செல்லுதல்' என்று பொருள். 'அடித்தல்' என்ற பொருள் பிறகுதான் வந்தது.

கடிகாரம் மணி அடித்தால், அது ஸ்ட்ரைக். பட்டியலில் ஒருவர் பெயரை அடித்தால், அதுவும் ஸ்ட்ரைக். இந்த இரண்டுக்கும் தமிழிலும் 'அடி'தான்!

தீக்குச்சியைக் கிழிப்பதும் ஸ்ட்ரைக். திருவொற்றியூர்ப் பக்கம் விம்கோ நகர் ரயில் நிலையம் இருக்கிறது அல்லவா? 'விம்கோ' என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்!

பாயை இறக்கினார்கள்!

கப்பலில் பாயை இறக்குவதற்கும் ஆங்கில மாலுமிகள் 'ஸ்ட்ரைக்' என்றே சொன்னார்கள். வேலைநிறுத்தம் என்ற பொருள் இங்கேதான் பிறந்தது.

1768-ம் ஆண்டு. லண்டன் துறைமுகம். மாலுமிகள் கூடுதல் கூலி கேட்டார்கள். நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கினார்கள். அது பாய்க்கப்பல் காலம். பாய் இல்லாமல் கப்பல் எப்படி நகரும்? வணிகம் நின்றது. அன்று முதல் வேலையை நிறுத்துவதற்கே 'ஸ்ட்ரைக்' என்று பெயர் வந்தது.

ஆகவே, இந்த ஸ்ட்ரைக்கில் அடி கிடையாது. வேலை செய்யும் கை ஓய்ந்தது, அவ்வளவுதான்!

வடசென்னையில்...

1918 ஏப்ரல் 27. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு முதலியோர் அதற்குப் பாடுபட்டார்கள்.

1921-ல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் நீடித்தது. கூலி இல்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை. தொழிலாளர்கள் இரண்டுபட்டார்கள். ஆதிதிராவிடர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டது. புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது.

பாயை இறக்கிய மாலுமிகளின் ஸ்ட்ரைக், புளியந்தோப்பில் தீக்குச்சி கிழிக்கும் ஸ்ட்ரைக்காக மாறிவிட்டது. எரிந்தது முதலாளியின் மாளிகை அல்ல, கூலிக்காரன் குடிசை!

நல்ல தமிழ்ப் பெயர்

1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் வைப்பதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. பெரம்பூர் ஆலை இன்று இல்லை. ஆனாலும் எண்ணூர் முதல் ராயபுரம் வரை 'ஸ்ட்ரைக்' என்ற சொல் வழக்கில் இருக்கிறது.

தமிழில் நாம் அதை 'வேலைநிறுத்தம்' என்கிறோம். அந்தப் பெயரில் அடியும் இல்லை; தீயும் இல்லை. லண்டன் மாலுமிகள் செய்த காரியத்தை ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல்லே தெளிவாகச் சொல்கிறது!