தகரத்துக்குக் கீழே ஏ.சி.: மன்னார் வீடுகளுக்குள் வெக்கை எங்கிருந்து வருகிறது?

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், நண்பகலில், மன்னார்த் தீவில் ஒரு தடியை நேராக நட்டுப் பார்த்தால் நிழலைத் தேட வேண்டியிருக்கும். சூரியன் சரியாக உச்சிக்கு மேலே நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் மீண்டும் ஒருமுறை அப்படி நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் நண்பகலில் அது உச்சியை விட்டு 15 பாகைக்கு மேல் விலகுவதில்லை. வீட்டைக் குளிரவைக்க நினைக்கும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மாடியில்லாத ஒரு வீட்டில் அந்த வெய்யிலில் மிகப் பெரிய பங்கைக் கூரைதான் வாங்குகிறது. சுவர்களுக்குக் காலையும் மாலையும் மட்டுமே பங்கு.

ஓலைத்தொடுவாய் மன்னார்–தலைமன்னார் வீதியில், பேசாலைக்கு அண்மையில் இருக்கிறது. பெயரிலேயே ஓலை உள்ள கிராமம். ஆனால் நான் பார்த்த வீடுகளின் கூரைகளில் தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் ஓடும்தான் இருந்தன. அங்கொன்று இங்கொன்றாகக் கொங்கிறீட் தட்டு. ஓலை வேலிக்கும், முற்றத்தில் போட்ட மாலுக்கும் போய்விட்டது. ஒரு மதியம் அப்படியான ஒரு மாலுக்குள் இரவுத் தொழிலுக்குப் போய் வந்த இளைஞர் ஒருவர் பாயில் உறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் விசிறி இருக்குமே என்று அவருடைய தாயிடம் கேட்டேன். "விசிறி சுடுகாத்தைத்தான் தம்பி கீழ தள்ளுது" என்றார்.

அவர் சொன்னது பௌதிகவியல்படி சரியானது. உச்சி வெய்யிலில் தகரக் கூரையின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூடு இரண்டு வழிகளில் கீழே வருகிறது. தகரத்தை ஒட்டியுள்ள காற்று சூடாகிக் கூரைக்குக் கீழே தேங்குகிறது. விசிறி அதைத்தான் கலக்கிக் கீழே இறக்குகிறது. மற்ற வழி கதிர்வீச்சு. அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது இடையில் உள்ள காற்று எப்படி இருந்தாலும் முகம் சுடுகிறதல்லவா, அதே மாதிரி சூடான தகரம் கீழே இருப்பவரின் தலையையும் தோளையும் நேரடியாகச் சுடுகிறது. விசிறிக் காற்றால் இந்தக் கதிர்வீச்சைத் தடுக்க முடியாது. விசிறி அறையைக் குளிரவைப்பதும் இல்லை. அது வியர்வையை உலர்த்தி ஆளைத்தான் குளிரவைக்கிறது. ஆளில்லாத அறையில் விசிறி சுழல்வது வெறும் செலவு.

பனையோலைக் கூரை ஏன் இப்படிச் சுடுவதில்லை? அடுக்கடுக்காக வேய்ந்த ஓலைகளுக்கு இடையில் காற்று அகப்பட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேல் ஓலை காய்ந்து சுட்டாலும் கீழ் ஓலை கிட்டத்தட்ட நிழலின் வெப்பநிலையிலேயே இருக்கும். சூடான காற்றுக்கு வெளியேற இடுக்குகளும் உண்டு. இதைச் சொல்வதால் எல்லோரும் ஓலைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை வேய வேண்டும், வேயத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், தீப்பயம் உண்டு, பாம்பு, எலி உண்டு. ஓலை வீட்டை ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. அதை வெளியிலிருந்து வந்து யாரும் அறிவுரையால் மாற்ற முடியாது.

கொங்கிறீட் தட்டின் குணம் வேறு. அது பகல் முழுவதும் வெப்பத்தை மெதுவாகக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் கக்கும். தகரம் பொழுது பட்டதும் ஆறிவிடும். தட்டு நடுச்சாமம் வரை ஆறாது. "சீற் வீட்டில பகல் இருக்கேலாது, பிளாற் வீட்டில இரவு இருக்கேலாது" என்று மன்னாரில் ஒருவர் என்னிடம் சொன்னதற்கு இதுதான் விளக்கம்.

போரின் பின்னர் வடக்கில் வீட்டுத்திட்டங்கள் வந்தபோது இந்த விடயம் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் 2012 ஒக்டோபர் முதல், பயனாளியே கட்டிக்கொள்ளும் முறையில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. அந்தக் காசுக்குள் சுவரையும் கூரையையும் முடிப்பதே போராட்டம். சீலிங் அடிப்பதற்கு எங்கே போவது? வெப்பம் பெரிய பேச்சானது பொருத்து வீட்டு விவகாரத்தில்தான். 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு அமைக்க முந்தைய அரசாங்கமொன்று முனைந்தது. 2016இல் பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் அதை எதிர்த்தார்கள். சுமார் 21 இலட்சம் ரூபா விலை ஒரு காரணம். வடக்கின் வெய்யிலுக்கு இரும்பு வீடு ஒத்துவராது என்பது மற்றொன்று. விறகடுப்பு வைக்க வசதியில்லை என்ற முறைப்பாடும் இருந்தது. அந்தத் திட்டம் அந்த வடிவில் நடக்கவில்லை. ஆனால் சுவர் கல்லாக இருந்தாலும் கூரை தகரமாக இருந்தால் கிட்டத்தட்ட அதே வெக்கைதான் என்பதை அதற்குப் பிறகும் எவரும் பெரிதாகப் பேசியதாக நான் காணவில்லை.

இப்போது வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளில் குளிரூட்டி பொருத்துவது கூடிவருகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டில் அது ஆடம்பரப் பொருள் இல்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் காசை எங்கே போடுவது என்று முடிவெடுக்கலாம். குளிரூட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஒரு அலகு மின்சாரத்தைச் செலவழித்து மூன்று நான்கு அலகு வெப்பத்தை அப்புறப்படுத்தும். (ரொறன்ரோவில் உள்ள உறவினர் வீட்டில் குளிர்காலத்தில் ஹீற் பம்ப் ஓடுகிறதென்றால், அது இதே இயந்திரம்தான். வெளியிலிருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே கொட்டும்படி திருப்பிவிட்டிருக்கிறார்கள்.) ஆகவே எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறதோ அவ்வளவுக்கு அது உழைக்க வேண்டும். தகரத்துக்குக் கீழே சீலிங் இல்லாமல் ஏ.சி. போடுவது ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

கடைக்காரர்கள் சொல்லும் 'இன்வேர்ட்டர்' வகையின் சேமிப்பும் இங்கேதான் தொலைகிறது. பழைய வகைக் குளிரூட்டியில் கொம்பிறசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வேர்ட்டர் வகையில் அறை குளிர்ந்ததும் வேகம் குறைந்து, குறைந்த மின்சாரத்தில் தொடர்ந்து ஓடும். அறை குளிர்ந்தால்தானே வேகம் குறையும்? மேலே தகரம் கொதிக்கும்போது அது முழு வேகத்திலேயே நிற்கும். அப்போது கூடுதல் விலை கொடுத்து வாங்கியதில் பெரிய பலனில்லை.

மின்பட்டியலுக்கு வருவோம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம் எனக் கட்டணம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் குறைந்தது, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து ஜூனில் 15 சதவீதம் கூடியது. வீதங்கள் மாறினாலும் ஒரு பொறி மாறவில்லை: மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே விலை கூடுகிறது. நிலையான கட்டணமும் ஏறுகிறது. ஒரு சிறிய வீட்டைக் கணக்குப் பார்ப்போம். குளிர்சாதனப் பெட்டி, மின்குமிழ்கள், தொலைக்காட்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 40 முதல் 45 அலகு என்று வையுங்கள். சாதாரண கூரை விசிறி 75 வாட். நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதம் 27 அலகு. கணக்கு 60ஐத் தாண்டிவிட்டது. பி.எல்.டி.சி. என்ற புதிய வகை மோட்டார் பொருத்திய விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும். மாதம் 11 அலகுதான். வீடு 60க்குள் நின்றுவிடும். விலை கூடுதல்தான். ஆனால் என் பார்வையில் குறைந்த வருமானமுள்ள ஒரு வீட்டுக்கு இன்று கடையில் கிடைக்கும் மின்சாதனங்களில் இதைப் போல் விரைவில் காசைத் திருப்பித் தருவது வேறில்லை.

தண்ணீர் ஊற்றும் 'ஏர் கூலர்' வேறு கதை. அது ராஜஸ்தானுக்குப் பொருந்தும். காற்றின் ஈரப்பதன் 15 சதவீதமும் வெப்பநிலை 42 பாகையுமாக இருக்கும் இடத்தில், தண்ணீர் ஆவியாவதன் மூலம் கொள்கையளவில் 22 பாகை வரை இறக்கலாம். மன்னாரில் 33 பாகையும் 70 சதவீத ஈரமும் உள்ள ஒரு நாளில் 28 பாகைக்குக் கீழே இறங்கவே வழியில்லை. நடைமுறையில் அதையும் எட்டாது. அதோடு அறை முழுவதும் ஈரம் ஏறிப் பிசுபிசுக்கும். கடற்கரையில் வாழ்பவர்கள் அதை வாங்காமல் விடலாம்.

அப்படியானால் முதல் காசு கூரைக்கு. ஆகக் குறைந்த செலவு வெள்ளை அடிப்பது. புதிதாக வெள்ளையடித்த கூரை தன்மேல் விழும் வெய்யிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத்தில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை 2017இல் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. "தகரம் பளபளவென்றுதானே இருக்கிறது, அதற்கு ஏன் வெள்ளை?" என்று கேட்கலாம். பளபளப்பான உலோகம் வெய்யிலைத் திருப்பினாலும், வாங்கிக்கொண்ட சூட்டைக் கதிர்வீச்சாக வானத்துக்கு விடுவதில் மந்தமானது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும். மழையும் புழுதியும் பாசியும் வெள்ளையை மங்கச் செய்யும் என்பதால், வாடைமழை ஓய்ந்த பின், பங்குனிக்குள் ஒருமுறை அடிப்பது நல்லது. அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அதன் நுண்ணிய நார் நுரையீரலுக்கு ஆகாது. (அஸ்பெஸ்டஸைக் கட்டுப்படுத்த முனைந்த இலங்கை, 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் பின்வாங்கியது. தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததுதான் சொல்லப்பட்ட காரணம்.)

அடுத்தது சீலிங். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் காற்று போய்வர இரு முகட்டுச் சுவர்களிலும் துவாரம் விட வேண்டும். விலையான பலகை தேவையில்லை. ஓலைப்பாயையோ கிடுகையோ தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளியில் கட்டினாலே தலையைச் சுடும் கதிர்வீச்சு நின்றுவிடும். ஆனால் அடுப்புள்ள அறையில் அதைச் செய்ய வேண்டாம். கடையில் கிடைக்கும் அலுமினியத் தாளையும் பாவிக்கலாம். மேலே குறையாகச் சொன்ன குணம், அதாவது கதிர்வீச்சை விடுவதில் உள்ள மந்தம், இங்கே கூரைக்குக் கீழே நன்மையாக மாறுகிறது. தாளின் மினுக்கும் பக்கத்துக்கும் அடுத்த பொருளுக்கும் இடையில் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டினால் பயனில்லை.

மூன்றாவது காற்று. வைகாசி முதல் புரட்டாசி வரை சோளகம் இந்தத் தீவை விடாமல் வீசுகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் தெற்குக் கரையில் 30 காற்றாடிகளோடு 103.5 மெகாவாட் கொள்ளளவுள்ள தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அந்த மின்சாரம் நடுக்குடா உபநிலையத்தின் ஊடாகத் தேசிய வலையமைப்புக்குப் போகிறது. காற்றாலைகள் பற்றிய மன்னார் மக்களின் எதிர்ப்பு தனியே எழுத வேண்டிய விடயம். நான் இங்கே கேட்பது சின்னக் கேள்வி: அதே காற்று ஏன் வீட்டுக்குள் வரவில்லை? பல வீடுகளில் தென்மேற்குச் சுவரில் யன்னல் இல்லை. இருந்தாலும் எதிர்ச் சுவரில் அது வெளியேற வழியில்லை. வழியிருந்தாலும் மணல் வருகிறதென்று அடைத்து வைத்திருக்கிறார்கள். மணலுக்கு ஓலை வேலியும் பூவரசும் தடுப்பாகும். யன்னலை உயரத்தில் வைத்தாலும் மணல் குறையும். புதிதாகக் கட்டப்போகிறவர்கள் வரைபடத்தை வாங்கியதும் அதில் சோளகம் வரும் திசையை ஒரு அம்புக்குறியால் போட்டுப் பார்க்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஏ.சி. வேண்டும் என்றால், படுக்கும் ஓர் அறைக்கு மட்டும் போடுங்கள். யன்னல் இடுக்குகளை அடைத்து, 26 பாகையில் வைத்து, மெதுவாக விசிறியையும் ஓடவிடுங்கள். வெளிப்பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம். உப்புக்காற்றில் அதன் அலுமினியத் தகடுகள் சில வருடங்களிலேயே பொருபொருத்துவிடும். தகடு அரிக்க அரிக்க மின்செலவு ஏறும். பூச்சுப் பூசிய தகடுதானா என்று வாங்கும்போதே கேளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஆழியை நிறுத்திவிட்டு, உப்பில்லாத தண்ணீர் ஒரு வாளியால் அதைக் கழுவிவிடுங்கள். கிணற்று நீர் உவராக இருக்கும் வீடுகளில் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.