இளங்கன்றுக்கு ஸ்டீராய்டு ஊசி: கவனம் தேவை

காய்ச்சலில் சுருண்டு படுத்த கன்றுக்கு ஊசி போட்டதும், மறுநாளே எழுந்து பால் குடித்தால் நமக்கு நிம்மதி. ஆனால், அது டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால், காய்ச்சலும் வீக்கமும்தான் அடங்கியிருக்கும். கிருமி அப்படியே இருக்கும். கிருமியை எதிர்க்கும் கன்றின் சக்தியும் குறைந்துபோகும்.

சீம்பாலே முதல் கவசம்

மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பால் மூலமே கிடைக்கின்றன. அவற்றை அப்படியே உறிஞ்சும் திறன் குடலுக்கு 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். தாய் தந்த இந்தப் பாதுகாப்பும் நாளாக நாளாகக் குறையும். அதற்குள் கன்று தன் சொந்த எதிர்ப்பு அணுக்களை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

சுருங்கும் சுரப்பி

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளையணுக்களில் ஒரு பகுதி, கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ந்து 'டி' அணுக்களாகின்றன. இளவயதில்தான் இச்சுரப்பி பெரிதாக இருக்கும். ஸ்டீராய்டைத் தொடர்ந்து கொடுத்தால், முதிராத அணுக்கள் மடிந்து சுரப்பி சுருங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உடல் எடை கூட்ட இம்மருந்தைக் கொடுக்கத் தடை உண்டு. இத்தாலியில் இறைச்சிக்கூடக் கன்றுகளின் தைமஸ் சுருங்கியிருந்தால், திருட்டுத்தனமாக மருந்து கொடுத்திருக்கலாம் என்று சந்தேகிக்கின்றனர்.

எதிர்ப்பு சக்தி குறைந்த நாட்களில் கழிச்சல், நிமோனியா போன்றவை எளிதில் தாக்கும். அப்போது போடும் தடுப்பூசியும் முழுப் பலன் தராமல் போகலாம்.

செய்ய வேண்டியவை

* கன்று பிறந்த 2 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு தேவை. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். பல தவணையாகக் கொடுக்கலாம்.
* தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவுங்கள்.
* ஊசி போடுபவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டுக் குறித்து வையுங்கள். தடுப்பூசி போடும்போது அதைச் சொல்லுங்கள்.
* மீதமுள்ள மருந்தை நீங்களே போடாதீர்கள். சினையின் கடைசி மாதங்களில் உள்ள மாட்டுக்குப் போட்டால் கன்று முன்கூட்டியே விழுந்துவிடும்.

கடும் ஒவ்வாமை போன்ற சில நிலைகளில் ஸ்டீராய்டு உயிர் காக்கும். எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து கொடுத்து வந்த மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அவசரத்துக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.