வீட்டு வேலைக்குக் கம்ப்ரசரும் ஆணித் துப்பாக்கியும்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

ஜோகூர் பாரு: தீபாவளிக்கு முன் வீட்டைச் சீர்செய்யவும், புதுவீடு குடிபோகும்போது சாமி அறைக்கு ஒரு மேடை அமைக்கவும் மரவேலைக்கு ஆள் தேடி அலைவது பல குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. வேலை சிறியதாக இருந்தால் ஆள் வருவதே கடினம். வந்தாலும் கூலி குறைவாக இருப்பதில்லை. இதனால் கம்ப்ரசரும் ஆணித் துப்பாக்கியும் சேர்ந்த 'செட்' ஒன்றை வாங்கி, வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் உண்டு.

ஒரு காலத்தில் பட்டறைகளில் மட்டுமே இருந்த இக்கருவிகள் இன்று ஹார்ட்வேர் கடைகளிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் குதிரைத்திறனையும் தள்ளுபடியையும் மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீணாகும், விரலுக்கும் கண்ணுக்கும் ஆபத்து வரும். முதலில் ஆணி, ஆணிக்கு ஏற்ற துப்பாக்கி, துப்பாக்கிக்கு ஏற்ற கம்ப்ரசர் என்பதே சரியான வரிசை. செட்டாக வாங்குவோர் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்.

ஆணியில் தொடங்குங்கள்

கடையில் துப்பாக்கிகளை எழுத்தும் எண்ணும் சேர்த்து அழைப்பார்கள். எஃப்30 என்பது 10 முதல் 30 மில்லிமீட்டர் வரையிலான மெல்லிய ஆணிகளை அடிக்கும். எஃப்50 துப்பாக்கி 50 மில்லிமீட்டர் வரை அடிக்கும். 1013ஜே, 1022ஜே ஆகியவை ஆணிக்குப் பதிலாகக் கம்பிக் கொக்கி அடிப்பவை. நாற்காலி மெத்தைத் துணிக்கும் அலமாரியின் பின்பக்க மெல்லிய பலகைக்கும் ஏற்றவை. எஸ்டி64 தடித்த ஆணிகளைக் கான்கிரீட்டில் இறக்கும் கனமான கருவி. சாதாரண வீட்டு வேலைக்கு எஃப்50 ஒன்றும், தேவைப்பட்டால் 1022ஜே ஒன்றும் போதும். எஸ்டி64 பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை.

ஆணியின் நீளம், மேலே வைத்துப் பொருத்தும் பலகையின் தடிப்பைப் போல் சுமார் மூன்று மடங்கு இருக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 25 அல்லது 30 மில்லிமீட்டர் ஆணி சரி.

ஒன்றை மறக்கக்கூடாது. எஃப் வகை ஆணியின் தலை மிகச் சிறியது. மரப்பசை காயும் வரை பலகையைப் பிடித்து வைப்பதே அதன் முக்கிய வேலை. எனவே பசை பூசிய பிறகே ஆணி அடிக்க வேண்டும். குத்துவிளக்கும் சாமி படங்களும் தாங்க வேண்டிய தட்டு, அரிசி மூட்டை வைக்கும் பலகை போன்றவற்றுக்கு இந்த ஆணியை நம்பக்கூடாது. அவற்றுக்குத் திருகாணிதான்.

எந்த மரம்?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பால்மரம் புதிதல்ல. 25, 30 ஆண்டுகள் பால் வெட்டிய பிறகு சாய்க்கப்படும் மரம் ஒரு காலத்தில் பெரும்பாலும் அடுப்பெரிக்கவே போனது. இன்று அதே மரம்தான் மூவாரின் நாற்காலி, மேசைத் தொழிலுக்கு அடிப்படை. நாட்டின் தளவாட ஏற்றுமதியில் மூவாருக்குப் பெரும் பங்கு உண்டு. ரப்பர் பலகையில் எஃப் ஆணி நன்றாக இறங்கும். ஆனால் மருந்து ஏற்றப்படாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் பிடித்துவிடும். மருந்து ஏற்றி உலர்த்திய பலகையா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பழைய வீடுகளிலிருந்து கழற்றிய செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்களில் மெல்லிய ஆணி வளையும், அல்லது திசை மாறிப் பக்கவாட்டில் வெளியே வரும். பலகையைப் பிடித்திருக்கும் விரல் அங்கே இருந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய மரத்தில் துளையிட்டுத் திருகாணி போடுவதே முறை.

கம்ப்ரசரில் பார்க்க வேண்டிய மூன்று

அழுத்தம், டாங்கியின் கொள்ளளவு, நிமிடத்துக்கு வெளிவரும் காற்றின் அளவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். எஃப் வகைத் துப்பாக்கிகள் பொதுவாக 4 முதல் 7 பார் அழுத்தத்தில் வேலை செய்யும். 7 பார் என்பது ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ. வீட்டுக் கம்ப்ரசர்கள் பெரும்பாலும் 8 பார் வரை ஏற்றும். அதுவே போதும்.

24 லிட்டர் டாங்கி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது ஏறக்குறைய 48 லிட்டர் காற்று வெளியேறும். சிறிய ஆணி ஒன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் காற்று என்று வைத்தால், மோட்டார் மீண்டும் ஓடுவதற்குள் 40 ஆணிக்கு மேல் அடிக்கலாம். ஆக, ஆணி அடிக்க மட்டுமே என்றால் 24 லிட்டர் டாங்கி தாராளம். சாயம் தெளிக்கும் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது இடைவிடாமல் காற்றை இழுக்கும் என்பதால் 50 லிட்டரும் அதிகக் காற்று தரும் பம்பும் தேவைப்படும். பெட்டியில் அச்சிட்டிருப்பது பம்ப் உள்ளிழுக்கும் அளவா, உண்மையில் வெளியே தரும் அளவா என்று கேளுங்கள். இரண்டாவது எண்தான் முக்கியம். அது எப்போதும் குறைவாகவே இருக்கும்.

எண்ணெய் தேவைப்படாத நேரடி மோட்டார் கம்ப்ரசர் எடை குறைவு. ஆனால் சில வகைகள் 90 டெசிபல் அளவுக்கு இரையும். பணியிட இரைச்சல் பற்றிய மலேசியாவின் 2019ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒரு நாள் வேலைக்கு 82 டெசிபலைத் தாண்டினாலே அதிக இரைச்சல் என்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீட்டில் குடியிருப்போர் 'சைலண்ட்' வகைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அண்டை வீட்டாரின் மனக்கசப்பு மிஞ்சாது.

மின்சாரமும் ஈரமும்

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். வீட்டின் 13 அம்பியர் பிளக்குக்கு 2 குதிரைத்திறன் வரையே பாதுகாப்பு. மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பழைய வயரிங் உள்ள தோட்ட வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இருக்கும் அதே பிளக்கில் இதையும் சேர்த்து மாட்டக்கூடாது. மெல்லிய, நீளமான நீட்டிப்பு வயரும் ஆகாது. மோட்டார் திணறிச் சூடாகும். தூரம் தேவைப்பட்டால் மின்வயரை அல்ல, காற்றுக்குழாயை நீட்டுங்கள். பிளக்கிலும் நீட்டிப்பு வயரிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜோகூரின் ஈரக்காற்றை அழுத்தினால் அதிலுள்ள நீர் டாங்கிக்குள் தங்கும். அந்த நீர் உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். வெளியே சாயம் பளபளக்க, உள்ளே சுவர் மெலிந்துபோகும். மெலிந்த டாங்கி அழுத்தத்தில் வெடிக்கக்கூடும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் காற்றை இறக்கி, அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். துருப்பிடித்துக் காற்று கசியும் டாங்கியை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தவே கூடாது. பழைய கம்ப்ரசர் மலிவாகக் கிடைக்கிறதென்றால் முதலில் அந்தத் திருகைத் திறந்து பாருங்கள். துரு கலந்த சிவப்பு நீர் வந்தால் வேண்டாம்.

விளையாட்டுப் பொருள் அல்ல

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் வெளியிட்ட கணக்கின்படி, 2001 முதல் 2005 வரை அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயத்தோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தனர். அவர்களில் பத்தில் நால்வர் தொழிலாளர்கள் அல்ல; சாதாரணப் பயனீட்டாளர்கள். மலிவான கம்ப்ரசர்களும் துப்பாக்கிகளும் கடைகளில் பெருகியதே வீட்டுக் காயங்கள் கூடக் காரணமாகக் கருதப்பட்டது. அதே நிலை இப்போது நம் கடைகளிலும் இருக்கிறது.

விசையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், விசையை அழுத்தியபடியே முனை எதில் பட்டாலும் ஆணி பாயும். மற்றொன்றில், முனையைப் பலகையில் அழுத்திய பிறகு விசையை இழுத்தால்தான் ஆணி பாயும். அடுத்த ஆணிக்கு விசையை விட்டுவிட்டு மீண்டும் இழுக்க வேண்டும். முதல் வகையில் காயம் படும் வாய்ப்பு இரு மடங்கு என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்புகளின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. வீட்டுக்கு இரண்டாவது வகையையே கேட்டு வாங்க வேண்டும். மலிவான துப்பாக்கிகள் சிலவற்றில் பாதுகாப்பு முனையே இருக்காது. அவற்றை வாங்காதீர்கள்.

கண்ணாடி அணியாமல் வேலை தொடங்கக்கூடாது. ஆணி சிக்கினால் முதலில் காற்றுக்குழாயைக் கழற்றுங்கள், பிறகு திறங்கள். பலகையைப் பிடிக்கும் கை, முனையிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். உடம்பில் ஒட்டிய தூசியைக் காற்றால் ஊதுவதும் ஆபத்து. ஆக்சிஜன் உருளையிலோ எரிவாயு உருளையிலோ துப்பாக்கியை இணைத்தால் வெடிக்கும். வேலை முடிந்ததும் துப்பாக்கியைக் குழாயிலிருந்து கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஆணி உடம்பில் ஏறிவிட்டால் அதைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பழைய தோட்ட வீடுகளில் கூரையும் சீலிங்கும் கல்நார் தகடாக இருக்கலாம். அதில் ஆணி அடித்தாலோ உடைத்தாலோ கிளம்பும் தூள் நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் காரணமாகும். சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

செட்டிலுள்ள குழாய் இணைப்பு, இங்கே பரவலாகக் கிடைக்கும் 20எஸ்எம், 20பிஎம் வகையா? ஆணியும் உதிரிப் பாகமும் உள்ளூரில் கிடைக்குமா? உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, பம்புக்கும் சேர்த்தா? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொருள் பழுதாகிக் கடைக்காரர் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் புகார் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை.

ஆண்டுக்கு ஓரிரு பலகை அடிப்பவருக்குச் சுத்தியலும் திருகாணியும் போதும். அலமாரி, சட்டம், கூண்டு என்று அடிக்கடி வேலை செய்பவருக்கு 24 லிட்டர் கம்ப்ரசர், பாதுகாப்பான விசை கொண்ட எஃப்50, ஒரு பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை பல ஆண்டுகள் உழைக்கும். அந்தக் கண்ணாடியை முதல் நாளே கம்ப்ரசரோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.