திறனாய்வும் பதிப்புரிமையும்

ஒரு நூலை நன்றென்றோ தீதென்றோ கூறப்புகுவான், அந்நூலின் பகுதிகள் சிலவற்றையேனும் எடுத்துக்காட்டாது தன் கருத்தை நிறுவுதல் அரிது. செய்யுளைக் காட்டாது செய்யுளின் நயம் பேசுதல் இயலாது. அவ்வாறே, ஒரு திரைக்காட்சியில் நடிப்புக் குன்றியதென்பான் அக்காட்சியின் ஒரு கூறையாவது முன்வைத்தாலன்றி, கேட்போர் அவன் கூற்றின் மெய்ம்மையைத் தாமே ஆராய்ந்துகொள்ள வழியில்லை. எடுத்துக்காட்டே திறனாய்வுக்குச் சான்றாவது. ஆயின், அவ்வாறு எடுத்துக்காட்டப்படும் பகுதி பிறர்க்குரிய பொருள். அப்பிறரும் பல வேளைகளிற் குறைகூறப்பட்டவரேயாவர். தம்மைக் குறைகூறுவான் தம் பொருளைக் கையாளுதற்கு அவர் இசைவு தருவரோ? தாரார். ஆகலின், இசைவின்றியும் கையாளலாம் என்னும் விதிவிலக்கொன்று பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லையேல், உலகிற் புகழுரை ஒன்றே எஞ்சும்.

முற்காலத்தில் இவ்விதிவிலக்கினால் பயன்கொண்டோர் பத்திரிகைகளில் மதிப்புரை எழுதியோரே. இக்காலத்திலோ, திரைப்படமும் பாட்டும் விளையாட்டும் பற்றி இரசிகர் தாமே காணொளி ஆக்கி இணையத்தில் வெளியிடுகின்றனர். அவர்க்குப் பின்னாற் பதிப்பாளரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. அவர்தம் ஆக்கத்தை மறையச்செய்தற்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் போதும். இக்கடிதத்துக்கு இத்துணை வலிமை எங்ஙனம் வந்தது என்பதும், திறனாய்வாளனுக்குச் சட்டம் அளிக்கும் காப்பு எத்தகைத்து என்பதும் ஈண்டு ஆராயப்படும். யூரியூப் முதலிய பெருந்தளங்கள் ஐக்கிய அமெரிக்காவில் நிலைகொண்டவை; ஆதலால் அந்நாட்டுச் சட்டமே இவ்விடயத்தில் முதன்மை பெறுகின்றது.

அமெரிக்க நீதிமன்றங்களில் இக்கொள்கைக்கு ஊற்றாகக் கொள்ளப்படுவது 1841 ஆம் ஆண்டிலே தீர்க்கப்பட்ட பொல்சம் எதிர் மார்ஷ் என்னும் வழக்கு. ஜோர்ஜ் வாஷிங்டனின் எழுத்துக்களை ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்பார் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தார். சார்ள்ஸ் அப்பம் என்னும் பிறிதோர் ஆசிரியர் வாஷிங்டனின் வாழ்க்கையை 866 பக்கங்களில் எழுதி வெளியிட்டபொழுது, அவற்றுள் 353 பக்கங்கள் ஸ்பார்க்ஸின் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவையாயிருந்தன. நீதியரசர் ஜோசப் ஸ்ரோரி, அப்பத்தின் நூல் உரிமை மீறியதே எனத் தீர்த்தார். ஆயினும் அத்தீர்ப்பின் சிறப்பு அவர் இடையிற் கூறிய விளக்கத்திலே உளது. திறனாய்வாளன் உண்மையாகவே திறனாயும் நோக்கத்துடன் மூலநூலிலிருந்து தாராளமாக எடுத்துக்காட்டலாம். ஆனால் நூலின் சிறந்த பகுதிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, மூலத்தை வாங்கவேண்டிய தேவையே இல்லாதபடி தன் மதிப்புரையை அதற்கு ஈடாக வைப்பானாயின், அஃது களவாகும் என்பதே அவர் கருத்து. பின்வந்த நூற்றெண்பது ஆண்டுக் காலத்து வழக்குகள் யாவும் இவ்வேறுபாட்டுக்கு விரிவுரை போன்றனவே என்றல் மிகையாகாது.

1976 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் தன் 107 ஆம் பிரிவில் இக்கொள்கையை நியாயமான பயன்பாடு என்னும் பெயரால் எழுத்தில் அமைத்தது. திறனாய்வு, கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி என்பன அப்பிரிவிற் பெயர் கூறப்பட்டன. ஆயின் பெயர் கூறப்பட்டமையாலேயே ஒருவன் தப்பிவிடான். பயன்பாட்டின் நோக்கம், மூல ஆக்கத்தின் இயல்பு, எடுக்கப்பட்ட அளவு, மூலத்தின் விற்பனைக்கு நேரும் விளைவு ஆகிய நான்கையும் நீதிமன்றம் ஒருங்கே சீர்தூக்கும். இத்தனை சொல்லுக்கு மேல் எடுத்தல் ஆகாது, இத்தனை விநாடிக்கு உட்பட்டது குற்றமன்று என மாணாக்கரிடையே உலவும் கணக்குகளுக்குச் சட்டத்தில் ஆதாரம் யாதுமில்லை. முன்னாட் சனாதிபதி போர்ட் எழுதிய, அப்போது வெளிவந்திராத நினைவுநூலிலிருந்து ஏறத்தாழ 300 சொற்களையே ஒரு சஞ்சிகை எடுத்து வெளியிட்டது. நூலின் இதயமே அவ்வளவில் அடங்கிற்று எனக் கொண்டு, அது நியாயமான பயன்பாடன்று என 1985 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது.

நான்காவதாகக் கூறிய விற்பனை விளைவு பற்றி ஓர் ஐயம் எழும். கடுமையான திறனாய்வு மூலத்தின் விற்பனையைக் குறைத்தே தீரும். அதனால் திறனாய்வாளன் தோற்பானோ எனின், தோலான். 1994 இல் டூ லைவ் குறூ என்னும் பாடற்குழு, றோய் ஒர்பிசனின் புகழ்பெற்ற பாட்டொன்றை எள்ளி நகையாடிப் பாடியது பற்றிய வழக்கிலே, நீதியரசர் சூட்டர் இதனைத் தெளிவாக்கினார். ஒரு நாடகத்தைப் பற்றிய கொடிய மதிப்புரை அந்நாடகத்தின் வருவாயைக் கொன்றுவிடலாம். ஆயினும் அஃது பதிப்புரிமைச் சட்டம் கருதும் தீங்கன்று. மூலத்தைக் காண விரும்புவான் அதனை விட்டு இதனைக் காண்பானோ என்பதே வினா. இழித்துரைத்து வாங்குவோரைத் தடுத்தல் வேறு. மூலத்தின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளல் வேறு.

இவ்வளவும் நீதிமன்றத்துக்குட் செல்வான் பெறும் காப்பு. இணையத்திலோ, வழக்கு நீதிமன்றத்தை அடையுமுன்னரே முடிந்துபோதல் கூடும். 1998 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்மிய ஆயிரத்தாண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சேவை வழங்குநர்க்கு ஒரு புகலிடம் தந்தது. பிறர் ஏற்றிவைத்த ஆக்கத்துக்காக அவர் இழப்பீடு செலுத்த வேண்டியதில்லை. ஆனால் உரிமையாளரிடமிருந்து முறையான அறிவித்தல் வந்தவுடன் விரைந்து அவ்வாக்கத்தை அகற்றிவிடல் வேண்டும். அகற்றாதார் புகலிடத்தை இழப்பர். இந்நிலையில், அறிவித்தல் நேரியதோ என ஆராய்ந்து தாமதிப்பதினும், உடனே அகற்றிவிடுதலே வழங்குநர்க்கு நட்டமற்ற வழி. இவ்வேற்பாட்டினாலேயே எண்ணிறந்தோர் ஆக்கங்களைத் தாங்கும் தளங்கள் வளர முடிந்தது என்பதையும் மறுத்தல் ஆகாது. அதன் சுமை இறங்கிய இடந்தான் வேறு.

ஆக்கம் அகற்றப்பட்டவன் எதிர் அறிவித்தல் அனுப்பலாம். முறையிட்டவர் அதன்பின் வழக்குத் தொடராவிடின், வேலை நாள்கள் 10 க்குக் குறையாமலும் 14 க்கு மேற்படாமலும் அவ்வாக்கம் மீளவைக்கப்படும். புதுப்படமொன்றின் மதிப்புரைக்கு இரு வாரம் என்பது சிறிய காலமன்று. படம் அரங்கை விட்டே நீங்கியிருக்கலாம். இன்னுமொரு கோணலும் இச்சட்டத்தில் உண்டு. முறையிடுவோர் பொய்ச்சான்றுக்குரிய தண்டனைக்கு உட்பட்டுக் கூறவேண்டியது, தாம் உரிமையாளர் சார்பிற் செயற்பட அதிகாரம் பெற்றவர் என்பதொன்றே. குறித்த பயன்பாடு சட்டத்துக்கு மாறானது என நன்னம்பிக்கையுடன் கருதுவதாகக் கூறினால் அமையும். எதிர் அறிவித்தல் அனுப்புவானோ, தன் ஆக்கம் தவறாக அகற்றப்பட்டதென்னும் நம்பிக்கையையே அத்தண்டனைக்கு உட்பட்டுக் கூறவேண்டியவனாகிறான்.

அறிந்தே பொய் முறைப்பாடு செய்வோரிடம் இழப்பீடு பெறவும் அச்சட்டத்தில் ஓர் உட்பிரிவு உளது. அதனை முதலில் வெற்றியுடன் பயன்படுத்தியோருட் கல்லூரி மாணவர் இருந்தமை இம்மலரைப் படிப்போர்க்கு உவப்பளிக்கும். டீபோல்ட் என்னும் நிறுவனம் ஆக்கிய மின்னணு வாக்களிப்புப் பொறிகளின் குறைபாடுகளைக் காட்டும் உள்மடல்களை, பென்சில்வேனியாவிலுள்ள சுவார்த்மோர் கல்லூரி மாணவர் 2003 இல் வெளியிட்டனர். நிறுவனம் பதிப்புரிமையைக் காட்டி அவற்றை அகற்றக் கோரிற்று. பொதுமக்கள் நலனுக்குரிய அம்மடல்களை வெளியிடுதல் நியாயமான பயன்பாடென்பதை அந்நிறுவனம் அறிந்தே முறையிட்டது என 2004 இல் நீதிமன்றம் முடிவுசெய்ய, அது 125,000 டொலர் செலுத்த உடன்பட்டது.

ஆயின் இவ்வெற்றி பின்னர் எளிதிற் கைகூடவில்லை. ஸ்ரெபனி லென்ஸ் என்னும் தாய், தம் குழந்தை பிறின்ஸ் என்னும் பாடகரின் பாட்டுக்கு ஆடிய 29 விநாடிக் காட்சியை 2007 இல் யூரியூப்பில் ஏற்றினார். யூனிவேர்சல் இசை நிறுவனத்தின் முறைப்பாட்டால் அது அகற்றப்பட்டது. முறையிடுமுன் நியாயமான பயன்பாடோ என எண்ணிப்பார்த்தல் உரிமையாளர் கடமை என 2015 இல் ஒன்பதாஞ் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. இஃது பெரும் பேறு. எனினும், அவ்வெண்ணம் நியாயமானதாயிருத்தல் வேண்டா, உளமார்ந்ததாயிருந்தாற் போதும் என்றும் அந்நீதிமன்றமே கூறியமையால், கொடுத்த கை ஒரு பாதியை மீட்டுக்கொண்டது. வழக்கு 2018 இல் இணக்கத்தில் முடிந்தது. அதற்குள் அக்குழந்தை பாடசாலைச் சிறுவனாகியிருந்தான்.

இரசிகர் மதிப்புரைக்கு நேரே உரியது ஹொசைன்சாதே எதிர் கிளைன் என்னும் வழக்கு. மற் ஹொசைன்சாதே தாமே எழுதி நடித்து வெளியிட்ட குறுங்காட்சியொன்று 5 நிமிடம் 24 விநாடி கொண்டது. ஈதன் கிளைன், ஹிலா கிளைன் என்னும் தம்பதியர் 2016 பெப்ரவரியில் அதனை எள்ளி ஏறத்தாழ 14 நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டனர். மூலத்தில் 3 நிமிடம் 15 விநாடி, அஃதாவது பாதிக்கு மேற்பட்ட பகுதி, அதனுள் இடம்பெற்றது. ஆனால் தொடர்ந்து ஓடவிடப்படவில்லை. சிறிது காட்டுவதும் நிறுத்துவதும், உரையாடலையும் நடிப்பையும் பற்றி இருவரும் கேலிபேசுவதும், மீண்டும் சிறிது காட்டுவதுமாக அமைந்தது. ஹொசைன்சாதே அதனை அகற்றுவித்து, அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலேயே நியூயோர்க்கில் வழக்கும் தொடுத்தார். கிளைன் தம்பதியர்க்காக இணைய இரசிகர் ஓர் இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். அத்தகைய ஆதரவில்லா மதிப்புரையாளர் எத்தனைபேர் வழக்கென்ற சொல்லுக்கே அஞ்சி அடங்கினர் என்பதை எந்நீதிமன்றப் பதிவேடும் காட்டாது.

2017 ஆகத்து 23 இல் நீதிபதி கத்தரின் பொரஸ்ற் தீர்ப்பளித்தார். அக்காணொளி திறனாய்வே என்பதில் அவர்க்கு ஐயம் எழவில்லை. ஆதலால் முதற்கூறு கிளைன் பக்கம் நின்றது. மூலம் கற்பனைப் படைப்பாதலின் இரண்டாவது அவர்க்கு மாறாயிற்று. எடுத்த அளவு பெரிதே. ஆயினும் காட்சிதோறும் கருத்துரைப்பதற்கு அவ்வளவு வேண்டியதாயிருந்தமையால் மூன்றாவது எப்பக்கமும் சாயவில்லை. மூலத்தை நகைச்சுவைக் காட்சியாகக் கண்டு மகிழ விரும்புவான் இதனைக் கண்டு அம்மகிழ்ச்சியைப் பெறான் ஆகலின், நான்காவதும் கிளைன் பக்கமே நின்றது. ஒருங்கு நோக்கி, நியாயமான பயன்பாடென வழக்கைத் தள்ளினார். அத்துடன் அடிக்குறிப்பொன்றில் ஓர் எச்சரிக்கையும் இட்டார். பிறர் காட்சிக்கு எதிர்வினை காட்டும் காணொளிகள் யாவும் இத்தீர்ப்பினாற் காக்கப்பட்டுவிடா. அவற்றுட் சில, கருத்துரை யாதுமின்றிப் பலர் கூடியிருந்து படம் பார்ப்பதை ஒப்பனவே என்பது அது. அவ்வெச்சரிக்கை பொருத்தமானதே. முழுக்காட்சியையும் ஓடவிட்டு மூலையில் அமர்ந்து தலையசைப்பவன் ஸ்ரோரி கண்டித்த களவையே செய்கின்றான். திறனாய்வாளன் என்னும் பெயர் அவனுக்குப் பொருந்தாது. 2023 இல் வரைஞர் அன்டி வோர்ஹோலின் அறநிறுவனம் தோல்வியுற்ற வழக்கிலே உயர் நீதிமன்றம் இவ்விதிவிலக்கை ஒரு வகையிற் சுருக்கியதாயினும், மூலத்தையே இலக்காகக்கொண்டு பேசும் ஆக்கத்துக்கு அம்மூலத்தை எடுத்தாள நல்ல காரணம் உண்டென்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டமையால், உண்மைத் திறனாய்வாளன் அஞ்ச வேண்டியது சிறிதே.

சட்டத்துக்குப் புறம்பான பிறிதொரு பொறியும் உளது. யூரியூப் 2007 முதல் நடத்திவரும் உள்ளடக்க அடையாள முறை, ஏற்றப்படும் காணொளிகளை உரிமையாளர் கொடுத்துவைத்த மாதிரிகளுடன் தானே ஒப்பிடுகின்றது. ஒற்றுமை காணின், காணொளியைத் தடுக்கவோ அதன் விளம்பர வருவாயைத் தாம் பெறவோ உரிமையாளர்க்கு இயலும். பொறி ஒலியின் ஒப்புமையைக் காணும். அவ்வொலி ஏன் காட்டப்பட்டது என்பதைக் காணாது. முறையான அகற்றல் அறிவித்தல்களால் 90 நாள்களுள் மூன்று குற்றப்புள்ளி பெற்றவர் தம் ஆக்கம் அனைத்தையும் இழக்கவும் நேரும்.

பிற நாடுகள் வேறு வழிகளிற் சென்றன. இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும் நியாயமாகக் கையாளும் உரிமை தருகின்றது. 2012 இல் வந்த திருத்தத்தின்படி, முறையிட்டவர் 21 நாளில் நீதிமன்றக் கட்டளை பெறாவிடின் வழங்குநர் ஆக்கத்தை மீள அனுமதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டு நெறிமுறை, மேற்கோளும் திறனாய்வும் மதிப்புரையும் தளங்களிற் காக்கப்படவேண்டும் என வெளிப்படையாகக் கூறுகின்றது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தன் 11 ஆம் பிரிவில் அமெரிக்க முறையைத் தழுவி, திறனாய்வையும் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் பெயர் கூறி, அந்நான்கு கூறுகளையும் அமைத்துள்ளது. ஆகவே இலங்கையர் ஒருவர் இந்நாட்டு நீதிமன்றத்திலே கூறத்தக்க விடையும் பெரும்பாலும் மேற்காட்டியதே.

ஆயினும், இந்நாட்டிலிருந்து எழுதுவோனுடைய மதிப்புரை அமெரிக்கத் தளத்திலிருந்து அகற்றப்படின், எதிர் அறிவித்தலில் அவன் தன் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் கொடுத்தல் வேண்டும். அவ்வறிவித்தலின் படி முறையிட்டவர் கைக்குச் செல்லும். அந்நாட்டுக்குப் புறத்தே வாழ்வோன் அத்தளம் நிலைகொண்ட மாவட்டத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாகவும் ஒப்பமிடல் வேண்டும். யூரியூப்பைப் பொறுத்தமட்டில் அந்நீதிமன்றம் கலிபோர்ணியாவில் உளது.