இல்லாததற்கு ஒரு விலை

தன் சரக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லி விற்பதுதான் கடைக்காரர்களின் வழக்கம். அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிய கடை. அங்கே அலமாரிகளுக்கு நடுவே நடப்பவரின் கண்ணில் படும் சொற்களில் பாதிக்கு மேல் மறுப்புச் சொற்கள்: குளூட்டன் இல்லை, பால் இல்லை, மரபணு மாற்றம் இல்லை, செயற்கை நிறம் இல்லை, பதப்படுத்தும் ரசாயனம் இல்லை. வாசலில் பூங்கொத்துகள் வரவேற்கும். அடுத்து ஈரம் சொட்டும் கீரைக் கட்டுகள், கோபுரமாக அடுக்கிய ஆப்பிள்கள், சாக்பீஸால் எழுதியது போன்ற விலைப் பலகைகள். கிராமத்துச் சந்தைக்குள் நுழைந்த மயக்கம் ஒரு நிமிடமாவது வரும். இன்னும் உள்ளே போனால் சிப்ஸ், பிஸ்கட், ஐஸ்கிரீம், உறையவைத்த பீட்சா என்று எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் உள்ள அதே சரக்கு, மண்நிறப் பொட்டலங்களில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். பக்கத்துத் தெருக் கடையின் சிப்ஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அந்த ‘இல்லை’களின் எண்ணிக்கைதான், விலை ஏறுவதும் அதற்காகத்தான். இந்தக் கடை ஆரோக்கியத்தை விற்கிறது என்பது ஊர்ப்பேச்சு. அது விற்பது சந்தேக நிவாரணம் என்பேன். இரண்டும் சில இடங்களில் ஒன்றாகின்றன. பல இடங்களில் ஒன்றாவதில்லை.

சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. செயற்கை இனிப்பான சைக்ளமேட்டை அமெரிக்க அரசு 1969-இல் தடை செய்தது. வயல்களில் தாராளமாகத் தெளிக்கப்பட்ட டிடிடி 1972-இல் விலக்கப்பட்டது. மிட்டாய் முதல் குளிர்பானம் வரை சிவப்பேற்றிய ‘ரெட் நம்பர் 2’ சாயம் 1976-இல் வெளியேற்றப்பட்டது. நேற்றுவரை பாதுகாப்பானது என்று சொல்லப்பட்டது இன்று ஆகாது என்றானால், நாளை எது ஆகாமல் போகும் என்று சாப்பிடுகிறவர் கேட்கத்தானே செய்வார்? அந்தக் கேள்வியின் காலத்தில்தான், 1978-இல், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஜான் மேக்கியும் ரெனே லாசனும் ஒரு சைவக் கடை திறந்தார்கள். ‘சேஃப்வே’ என்ற பெரிய சங்கிலிக் கடையைக் கிண்டல் செய்து அதற்கு ‘சேஃபர்வே’ என்று பெயர் வைத்தார்கள். அதாவது, அவர்களைவிடப் பத்திரமான வழி. பெயரிலேயே விற்பனைப் பொருள் தெரிந்துவிட்டது. 1980-இல் அந்தக் கடை இன்னொரு கடையோடு இணைந்து ஹோல் ஃபுட்ஸ் ஆனபோது இறைச்சி, பியர், ஒயின், காபி எல்லாம் உள்ளே வந்தன. அடுத்த ஆண்டு ஆஸ்டினில் பெருவெள்ளம் வந்து கடையை மூழ்கடித்தது, காப்பீடு கிடையாது. வாடிக்கையாளர்களும் அக்கம்பக்கத்தாருமே வந்து சேறு அள்ளிக் கழுவிவிட, 28 நாளில் கடை மறுபடி திறந்தது. மளிகைக் கடைக்காக யார் சேறு அள்ளுவார்கள்? அந்த நம்பிக்கைதான் நிறுவனத்தின் உண்மையான மூலதனம். 2017-இல் அமேசான் 1,370 கோடி டாலர் கொடுத்து வாங்கியபோது கட்டடங்களோடு அதுவும் சேர்ந்தே கைமாறியது.

எதிர்ப்பக்கத்தின் பலமான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹோல் ஃபுட்ஸ் தன் உணவுப் பொருட்களில் 300-க்கும் மேற்பட்ட சேர்மானங்களைத் தடை செய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பும் உண்டு. நம் ஊர்க் கணக்கில் வனஸ்பதி. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதய நோயைக் கூட்டுகிறது என்பதில் இன்று மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் டிரான்ஸ் கொழுப்பின் அளவை லேபிளில் போட வேண்டும் என்ற அமெரிக்க விதி 2006-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அது உணவில் சேர்க்கத் தகுந்ததல்ல என்ற அரசு முடிவு 2015-இல் வந்து, 2018-இல் செயல்பட்டது. கடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கதவைச் சாத்திவிட்டது. அந்த இடைக்காலத்தில் அங்கே பிஸ்கட் வாங்கியவர் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்போகவில்லை. ஆக, ‘இல்லை’ என்பதற்கு விலை கொடுப்பதே முட்டாள்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்த ‘இல்லை’ என்பதுதான் கேள்வி. பட்டியலின் சிக்கலும் அங்கேதான்: வனஸ்பதிக்கு எதிராக உள்ள சான்றின் எடையும், அதே பட்டியலில் இருக்கும் அஜினோமோட்டோவுக்கு எதிராக உள்ள சான்றின் எடையும் மலையும் மடுவும். அலமாரியில் நிற்கும்போது இரண்டும் ஒரே எழுத்தளவில், ஒரே குரலில் பேசுகின்றன. வாங்குகிறவருக்கு மலை எது, மடு எது என்று தெரிய வழியில்லை.

சர்க்கரைக்கு வந்தால் இது இன்னும் வெளிச்சமாகும். அதிக ஃப்ரக்டோஸ் கொண்ட மக்காச்சோளப் பாகு இந்தக் கடையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. கரும்புச் சர்க்கரைக்குத் தடையில்லை. குளிர்பானங்களில் சேரும் அந்தப் பாகில் ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய 55 சதவீதம். சாதாரணச் சர்க்கரை செரிமானத்தில் உடையும்போது கிடைப்பது 50 சதவீதம். உடம்பின் கணக்குப் புத்தகத்தில் இந்த வேறுபாடு பெரிதாகப் பதிவாவதில்லை. ஆனால் ஒன்று ஆலைப் பொருள் என்றும் மற்றது தோட்டத்துப் பொருள் என்றும் மனத்தில் பதிந்துவிட்டது. அதைப் பயன்படுத்தி, ஆரோக்கியத் தின்பண்டங்கள் செய்கிற பல நிறுவனங்கள் சர்க்கரை என்ற சொல்லையே லேபிளிலிருந்து எடுத்துவிட்டு ‘ஆவியாக்கப்பட்ட கரும்புச்சாறு’ என்று எழுதிவந்தன. கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் என்ன வரும் என்று தெரிந்த நாட்டினருக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம். 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சர்க்கரையைச் சர்க்கரை என்றே சொல்லும்படி வழிகாட்டுதல் வெளியிட்டது. நாமும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், நாட்டுச்சர்க்கரை போட்டால் நீரிழிவுக்காரரும் காபி குடிக்கலாம் என்ற பேச்சு சென்னை, கோவை ஆர்கானிக் கடைகளின் வாசலில் தினமும் கேட்கிறது. சாற்றைக் காய்ச்சும் விதம் மாறியதே தவிர, ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மாறவில்லை.

இப்படி ஒரு ‘இல்லை’ தின்பண்டத்தின் மீது ஒட்டப்பட்டதும் மனம் அதைக் குறைந்த கலோரியாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. ஜொனாதன் ஷுல்ட், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஓரியோ பிஸ்கட்டை ஒரு சாராரிடம் சாதாரணமானது என்றும் இன்னொரு சாராரிடம் ஆர்கானிக் என்றும் சொன்னார்கள். கலோரி எண் கண்ணெதிரே இருந்தும், ஆர்கானிக் பிஸ்கட்டில் கலோரி குறைவு என்றே மாணவர்கள் மதிப்பிட்டார்கள். ஆர்கானிக் இனிப்பு சாப்பிட்டவர் உடற்பயிற்சிக்கு மட்டம் போட்டால் மன்னிக்கவும் தயாராக இருந்தார்கள். உண்மையில் உடம்பு பார்ப்பது வேறு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் எளிய சமையல் உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் ஒத்திருந்தன. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு தின்ற நாட்களில் அவர்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. சின்ன ஆய்வுதான்; ஒரு மாதமும் இருபது பேரும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது. ஆனாலும் கடைக்காரரைச் சங்கடப்படுத்தப் போதுமான ஆய்வு. எந்த ரசாயனம் இல்லை என்பதைவிட, சமையலறையில் ஆக வேண்டிய வேலையை எவ்வளவு தூரம் ஆலை செய்து முடித்துவிட்டது என்பது பெரிய விஷயம் என்றால், ஆர்கானிக் சீஸ் பஃப்ஸ் என்ற பொட்டலத்தின் முகப்பில் நியாயமாக எழுத ஒன்றுமில்லை. இன்னொன்றையும் கவனிக்கலாம். கடையில் ‘இல்லை’ப் பட்டியல் குறைவாகத் தேவைப்படும் பகுதி காய்கறிப் பகுதி. கத்தரிக்காய்க்கு லேபிள் ஒட்டித் தன் நல்லொழுக்கத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. பட்டியல் நீளும் இடங்களெல்லாம் ஆலைச் சரக்கு குவியும் இடங்கள்.

இந்தக் கடை ‘இருக்கிறது’ என்றும் விற்கிறதே என்று கேட்கலாம். ஆம், அதற்குப் பெயர் சூப்பர்ஃபுட். 2022-ஆம் ஆண்டில் எவை பிரபலமாகும் என்று ஹோல் ஃபுட்ஸ் வெளியிட்ட பட்டியலில் முருங்கையும் மஞ்சளும் தனித்தனியே இடம்பிடித்தன. தமிழர்களுக்குப் பெருமைதான். முருங்கைக்கீரை நல்ல உணவு என்பதிலும் வழக்கில்லை. ஆனால் புறக்கடை மரத்திலிருந்து ஒடித்து, உருவி, ஆய்ந்து, பருப்போடு வதக்கிச் சோற்றில் பிசையும்போது அந்தக் கீரை தட்டில் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. அந்த இடத்துக்கு வர வேண்டிய அப்பளமும் வறுவலும் அந்த அளவுக்குப் பின்வாங்குகின்றன. உணவால் வரும் நன்மையில் ஒரு பாதி, அது எதைத் தட்டிலிருந்து விரட்டுகிறது என்பதில் இருக்கிறது. பழச்சாற்றில் கலக்கும் ஒரு ஸ்பூன் பச்சைப் பொடி எதையும் விரட்டுவதில்லை.

இந்த விற்பனை முறை முற்றிப்போனால் எங்கே வந்து நிற்கும் என்பதை 2015 காட்டியது. கலிஃபோர்னியாவில் ஒரு கிளையில், மூன்று அஸ்பாரகஸ் தண்டுகள் மிதக்கும் தண்ணீர் பாட்டில் ஆறு டாலருக்கு வைக்கப்பட்டது. நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு அஸ்பாரகஸ் பங்காளிமுறை; பெயருக்கேற்பத் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஊரே சிரித்ததும், தவறுதலாகச் செய்தது என்று சொல்லி நிறுவனம் எடுத்துவிட்டது. அதே ஆண்டு நியூயார்க் நகர நுகர்வோர் துறை, அங்குள்ள கிளைகளின் பொட்டலங்களில் அச்சிட்ட எடையும் உள்ளிருந்த எடையும் பொருந்தவில்லை என்று கண்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்றது நிறுவனம்; 5 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. உள்ளே இல்லாத எடைக்கும் விலை வாங்கியிருக்கிறார்கள் என்று எழுத கை துடிக்கிறது, ஆனால் அது மலிவான நகைச்சுவை. எடைத் தவறு எந்தக் கடையிலும் நடக்கும். தண்ணீர் பாட்டில் அந்தக் கடையில் மட்டுமே நடக்கும்.

விலைதான் குறை, இப்படிப்பட்ட கடைகளை ஏழைகள் வாழும் பகுதிகளிலும் திறந்தால் எல்லாரும் நன்றாகச் சாப்பிடுவார்கள் என்பது நல்ல மனத்திலிருந்து வரும் வாதம். சம்பளம் முழுவதையும் விழுங்கும் கடை என்று பொருள்படும் ‘ஹோல் பேசெக்’ என்ற பட்டப்பெயர் பரவிக் கிடந்த காலத்தில், நிறுவனமே இதைச் செய்து பார்த்தது. சிகாகோவின் வறிய பகுதியான எங்கிள்வுட்டில் 2016-இல் ஒரு கிளை திறந்தது. 2022-இல் அதை மூடியது. ஒரு கிளையை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஹண்ட் ஆல்காட்டும் மற்ற பொருளாதார அறிஞர்களும் அமெரிக்கா முழுவதற்குமான கொள்முதல் கணக்குகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கெட்டியான தரை. புதிய சூப்பர் மார்க்கெட் அருகில் வந்த பிறகும் ஏழைக் குடும்பங்கள் வாங்கும் பொருட்கள் பெரிதாக மாறவில்லை. பணக்காரர் தட்டுக்கும் ஏழை தட்டுக்கும் உள்ள சத்து வேறுபாட்டில், அருகில் என்ன கடை, என்ன விலை என்பது விளக்குவது ஏறக்குறைய 10 சதவீதம்தான். மீதி, என்ன வாங்க மனம் வருகிறது என்பதைப் பொறுத்தது. இதை ஏழைகளின் நாக்குமீது பழி போடுவதாகப் படிக்க வேண்டியதில்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவருக்குக் கீரை ஆய நேரம் எங்கே இருக்கிறது? கீரைக் கட்டை எந்தக் கடையும் தரும். அதை ஆய்வதற்கான அரைமணி நேரம் எந்த அலமாரியிலும் இல்லை.

கடைசி ஆட்சேபம் ஆர்கானிக் பக்கத்திலிருந்து வரும்; எனக்கு மதிப்புள்ள ஆட்சேபமும் அதுதான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-இல் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆர்கானிக் உணவில் சத்து கூடுதல் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பது கிடைத்தது. சாதாரணக் காய்களிலும் அந்த எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டுவது அரிதாகவே இருந்தது. சரி, சாப்பிடுகிறவரை விடுங்கள், மருந்து தெளிக்கும் கூலிக்காரரை நினைத்தால் ஆர்கானிக் நியாயம்தானே என்பார்கள். முழுக்க நியாயம். எச்சமாக அல்லாமல் மேகமாக அதைச் சுவாசிப்பவர் அவர்தான். ஆர்கானிக் விவசாயத்திலும் தாமிரக் கலவை போன்ற சில மருந்துகளுக்கு அனுமதி உண்டு என்றாலும், பெரும்பாலான செயற்கை மருந்துகள் விலக்கப்படுவது அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த நியாயத்தைக் கடை உரக்கச் சொல்வதில்லை. ஃப்ளோரிடாவின் இமோக்கலி ஊரைச் சுற்றித் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள், பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுங்கள், அது எங்கள் கைக்கு வரட்டும் என்று பெரிய நிறுவனங்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். 2005-இல் டாக்கோ பெல்லின் தாய் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2007-இல் மெக்டொனால்ட்ஸ், 2008 மே மாதம் பர்கர் கிங். சூப்பர் மார்க்கெட்டுகளில் முதலாவதாக, அந்த ஆண்டு செப்டம்பரில் ஹோல் ஃபுட்ஸ் கையெழுத்திட்டது. ஆரோக்கியத்துக்கு எதிரி என்று அதன் வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கும் மூன்று கடைகளுக்குப் பிறகு. தக்காளிக் கூடையில் கூடுதலாக உண்மையிலேயே ‘இருந்த’ ஒரு பொருள் அந்த ஒரு சென்ட்.